தாங்கள் அறிந்ததே

— துரத்திடாதீங்கன்னு என்கிட்ட அழுதவங்க உண்டு. குழந்தையைத் தூக்கிட்டு வந்து என் மேசை மேலேயே உட்கார வெச்சவங்க உண்டு. தயவு பண்ணித் துரத்துங்கன்னு கேட்டுக்கிட்டு வந்த முதல் ஆளு நீதான் பாப்பா.

— முதல் ஆளுங்கறதுக்காகவாவது ஏதாவது சலுகை கொடேன் அண்ணா.

— லீவு நாளும் அதுவுமா காலையிலேயே வாசல்ல வந்து நின்னே. சொந்தத் தங்கச்சி, அண்ணன் முகத்தைப் பார்த்துட்டுப் போக வந்திருக்கான்னு ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன்.

— உன் முகத்தைத்தான் வாரா வாரம் விசாரணையில பார்க்கறேனே. பாயிண்டுக்கு வா. அரசாங்கக் கட்டடத்துல அனுமதியில்லாம இருக்கறவங்களைக் காலி பண்ற அதிகாரி நீ. உங்க ஆபீஸ் மாடிப்படிக்குக் கீழே சாவி செய்யறவருக்கு நான் வக்கீல். அவரைக் காலி பண்ணச் சொல்லி ஒரு உத்தரவு போடு. ஒரே பக்கம் போதும். கொஞ்சம் கடுமையா எழுதினா இன்னும் நல்லது.

— அவருக்காக வாதாடறவ நீ. அவரைத் துரத்தச் சொல்லிக் கேட்கறதும் நீ. வெளியில சொல்லிடாதே, கைகொட்டிச் சிரிப்பாங்க.

— சிரிக்கட்டும்.

— அடியே, கேஸ்ல நீதான் ஜெயிக்கப் போறே. நாளைக்குக் காலையில நான் கையெழுத்துப் போடறதா இருக்கேன். ‘நடவடிக்கை கைவிடப்படுகிறது.’ இதை இப்பவே உன்கிட்ட சொல்லக் கூடாது. அது வேற விஷயம்.

— ஐயோ!

— ஐயோவா? ஜெயிச்சதுக்கு யாராவது ஐயோங்கறாங்களா?

— எதுக்காகக் கைவிடறே?

— வேற என்ன பண்ண? நோட்டீஸ்ல காரணத்தை எழுதணும்னு சட்டம் சொல்லுது. காரணம்ங்கற இடத்துல என்ன எழுதியிருக்கு, படிச்சியா? ‘தாங்கள் அறிந்ததே.’ கல்யாணப் பத்திரிகையா அது? எனக்கு முன்னாடி இருந்த அதிகாரி காலத்துல நம்ம சூப்பரின்டெண்ட் எழுதினது. அதை வெச்சுக்கிட்டு ஒரு மனுஷனை எப்படி எழுப்பறது?

— அவரை எழுப்பிட்டு அந்த இடத்துல என்ன கொண்டு வரப் போறாங்க, அதையும் சொல்லேன்.

— சிரிக்காதே.

— சிரிக்கல. சொல்லு.

— மக்கள் குறைதீர்க்கும் மையம்.

— அடேங்கப்பா. முதல் குறையை அவங்களே உண்டு பண்ணிக் கொடுத்துட்டு மையத்தைத் திறக்கறாங்க.

— என்னங்க, யாரு வந்திருக்கா? அட, சின்னவளா? வாசல்ல செருப்பைப் பார்த்தேன். இவ்வளவு தேய்ஞ்ச செருப்பு இந்த வீட்டுல ஒருத்திக்குத்தான் இருக்குன்னு நெனச்சேன். எப்படியிருக்கே? சரி, மேல பாரு.

— என்ன அண்ணி?

— மேல பாருடி. சமையல்கட்டுப் பக்கம் வந்து நின்னு கூரையப் பாரு.

— வெள்ளையா இருக்கு.

— வெள்ளையா இருக்குன்னு எவ்வளவு சாதாரணமா சொல்றா பாரு! நாங்க இங்க குடிவந்த நாள்லேருந்து ஒழுகின கூரை. மழை வந்தா அடுப்புக்கு ஒரு வாளி, எனக்கு ஒரு வாளி. நான் எழுதின மனுவை எல்லாம் அடுக்கினா அந்தக் கூரையையே அடைச்சிருக்கலாம். முந்தாநாள் வந்து பூசிட்டுப் போனாங்க. ஒரு சொட்டு இல்ல.

— உன் அண்ணி ராத்திரி எழுந்து போய்க் கூரையப் பார்த்துட்டு வந்து படுக்கறா.

— பார்ப்பேன். என் கூரை.

— அரசாங்கக் கூரை.

— கேட்டியா சின்னவளே? இந்த மனுஷன்கூட இத்தனை வருஷமா இதே பாட்டுதான். சுவத்துல ஆணி அடிக்க விடமாட்டாரு. அரசாங்கச் சுவராம். எங்க கல்யாணப் போட்டோ இன்னும் அலமாரியில சாஞ்சுதான் நிக்குது.

— அனுமதி கேட்டு எழுதியிருக்கேன். வரும்.

— எண்பதாம் கல்யாணத்துக்கு வரும். டீ போடறேன், பேசிக்கிட்டு இருங்க.

— அண்ணி, சர்க்கரை கம்மியா.

— தெரியும், தெரியும். ஏன்டி, அழற மாதிரி ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம் கேட்டுதே, என்ன?

— அவ கேஸ்ல ஜெயிக்கப் போறா. அந்தத் துக்கம்.

— அண்ணா, நான் விளையாடல. கொஞ்சம் காதைக் கொடுத்துக் கேளு. இந்தக் காலி பண்ற சட்டமே செல்லாது, அரசியல் சாசனத்துக்கே விரோதம்னு போன வருஷம் பெரிய கோர்ட்டுல மனு போட்டேன்ல? அன்னைக்கு நீதிபதி கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டுக் கேட்டார். ‘ஏம்மா, யாரையாவது காலி பண்ணிட்டாங்களா?’ இன்னும் இல்லீங்க, நோட்டீஸ்தான் வந்திருக்குன்னேன். ‘அடி விழறதுக்கு முன்னாடியே ஏன் அழறீங்க? விழுந்ததும் வாங்க’ன்னு மனுவை மூடி வெச்சுட்டார்.

— அதனால?

— அதனால எனக்கு அடி வாங்கின ஒரு ஆளு வேணும். கையில உத்தரவோட நிக்கற ஒரு ஆளு.

— சாவிக்காரர் கன்னத்தைக் காட்டணும், நான் அறையணும்.

— மெதுவா அறைஞ்சா போதும்.

— நல்லாயிருக்கு உங்க வக்கீல் பொழப்பு. அந்தச் சட்டத்துல அப்படி என்ன குத்தத்தைக் கண்டுட்டே நீ?

— நீயே சொல்லு. உனக்கு ஒரு வீடு இருக்குன்னு வெச்சுக்கோ.

— இல்லாததை எப்படி வெச்சுக்கறது? உன் அண்ணி காதுல விழப் போகுது, மெதுவாப் பேசு.

— பேச்சுக்கு அண்ணா! உன் வீட்டுல குடியிருக்கறவன் காலி பண்ண மாட்டேங்கறான். என்ன பண்ணுவே?

— கோர்ட்டுக்குப் போவேன். செருப்புத் தேயும்.

— போகாம, உன் வேலைக்காரனையே கூப்பிட்டு, ‘இன்னையிலேருந்து நீதான்டா ஜட்ஜு’ன்னு ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வெச்சா? அவன் விசாரிச்சு, அவன் தீர்ப்பு எழுதி, அவனே ஆளுங்களோட வந்து சாமானை எல்லாம் தெருவுல வெச்சா?

— அடாவடி.

— அதையே அரசாங்கம் பண்ணா சட்டம். நிலம் துறையோடது. புகார் துறையோடது. நீதிபதியும் துறைகிட்ட சம்பளம் வாங்கறவர். எதிர்ல நிக்கறவனுக்கு மட்டும் துறையில யாரையும் தெரியாது. தனியார் இடத்துல இருக்கறவனுக்கு நிஜமான கோர்ட்டு, அரசாங்க இடத்துல இருக்கறவனுக்கு நீ. எல்லாருக்கும் சட்டம் சமம்னு எழுதி வெச்சிருக்கற நாட்டுல இது என்ன கணக்கு?

— என்னைப் பார்த்து ‘வேலைக்காரன்’ங்கறே.

— உன்னைச் சொல்லல. அந்த நாற்காலியைச் சொல்றேன்.

— கேளு பாப்பா. நீ சொல்றது புத்தகத்துல சரி. அந்தப் பள்ளிக்கூடத்து மைதானத்தை மறந்துட்டியா? ஒரு பெரிய மனுஷர் வளைச்சுப் போட்டு காரு நிறுத்தற இடமாக்கி வெச்சிருந்தாரே? பசங்க காருக்கு நடுவுல பந்து விளையாடினாங்க. உன் நிஜமான கோர்ட்டுக்குப் போயிருந்தா அந்தப் பசங்களுக்கே பேரன் பொறந்திருப்பான். இந்தச் சட்டம் இருந்ததாலதான் என்னால அவரை அசைக்க முடிஞ்சுது. பொதுச் சொத்துன்னா எல்லாரோடதும். ஒருத்தன் உட்கார்ந்துட்டா அது மத்த எல்லார்கிட்டேருந்தும் பிடுங்கினதுதான். சீக்கிரமா எழுப்பறதுக்கு ஒரு வழி வேணாமா?

— அவரை எப்ப எழுப்பினே?

— எழுப்பினேன்.

— எப்பன்னு கேட்டேன்.

— கொஞ்சம் இழுத்துது. அவர் அப்பீலுக்கு மேல போனார். அங்கேருந்து இன்னும் மேல போனார்.

— கடைசியில?

— பாதி மைதானத்தை மீட்டாச்சு.

— நோட்டீஸ்ல சாவிக்காரருக்கு எவ்வளவு நாள் கொடுத்தாங்க?

— ரெண்டு வாரம். சரி சரி, அப்படிப் பார்க்காதே. அது வேற விஷயம்.

— உனக்கு எதுவுமே வேற விஷயம்தான்.

— இந்தா டீ. சூடா இருக்கு, ஊதிக் குடி. என்ன சின்னவளே, சாவிக்காரர்னா அன்னைக்குக் கதவைத் திறந்தாரே, அவரா?

— எந்தக் கதவு அண்ணி?

— உங்க அண்ணன் சொல்லலியா? இவரு கௌரவம் போயிடும்னு மறைச்சிருப்பாரு. சொல்லுங்க.

— எதுக்கு இப்ப அது?

— நீங்க சொல்லலேன்னா நான் சொல்றேன். முதல் விசாரணை அன்னைக்கு அந்த ரூம் சாவியைத் தொலைச்சுட்டாங்க. அதிகாரி வெளிய, சூப்பரின்டெண்ட் வெளிய, கூட்டம் வெளிய. பூட்டை உடைச்சா அரசாங்கப் பூட்டு, அதுக்குத் தனியா அனுமதி வாங்கணும். என்ன பண்ணாங்க தெரியுமா? யாரைத் துரத்தறதுக்கு விசாரணையோ அவரையே கீழேருந்து கூப்பிட்டு வந்து திறக்கச் சொன்னாங்க!

— நிஜமாவா? நான் வந்தப்ப கதவு திறந்துதானே இருந்துது?

— நீ லேட்டா வந்தே. அவர் வந்தார், குனிஞ்சார், ஒரு கம்பியை விட்டுத் திருகினார், திறந்துது. ‘உள்ள வாங்க சார்’னு எங்களைக் கூப்பிட்டுட்டு, தானே போய் எதிர்த்தரப்பு பெஞ்சுல உட்கார்ந்தார். எனக்கு அன்னைக்கு நிமிர்ந்து பார்க்க முடியல பாப்பா.

— நான் லேட்டா வந்தது ஏன்னு சொல்லு. என் ஸ்கூட்டரை நீ எடுத்துட்டுப் போயிட்டே. நான் பஸ்ஸைப் பிடிச்சு மூச்சு வாங்க வந்து நின்னா, நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, ‘வக்கீலம்மா, நேரம் தவறாமை முக்கியம்’னு எல்லாருக்கும் முன்னாடி கண்டிக்கறே.

— விசாரணை ரூமுக்குள்ள எனக்கு உறவுமில்ல, ஸ்கூட்டருமில்ல.

— அது மட்டுமா? ‘தாங்கள் யாருக்காக ஆஜராகிறீர்கள்?’னு கேட்டே. காலையில உன் வீட்டு டிபனைத் தின்னுட்டு வந்தவகிட்ட!

— கேட்கணும். முறை.

— இந்த முறைக்காரரோடதான் நான் குப்பை கொட்டறேன். டீ ஆறுது, குடி.

— அண்ணி, நீங்களே சொல்லுங்க. அண்ணன் நல்லவர்தானே?

— அதுல என்ன சந்தேகம்? அந்த ஒரு தொந்தரவுதான் இந்த வீட்டுல.

— எனக்கும் அதேதான் தொந்தரவு. அண்ணா, நாளைக்கு நீ சாவிக்காரருக்குச் சாதகமா எழுதிட்டா என்ன ஆகும் தெரியுமா? நான் மறுபடியும் மனு போடறப்ப அரசாங்க வக்கீல் எழுந்து நிப்பார். உன் உத்தரவை ஆட்டி ஆட்டிக் காட்டுவார். ‘அதிகாரி துறைக்காரர்தான். ஆனா துறைக்கு எதிராவே எழுதியிருக்கார் பாருங்க. எங்கே பாரபட்சம்? எங்கே அநியாயம்?’ அதோட என் மனு ஊத்திக்கும். இந்தச் சட்டம் இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாம உட்காரும்.

— உட்காரட்டுமே. நல்லவன் கையில இருந்தா எந்தச் சட்டமும் நல்லாத்தான் இருக்கும்.

— நல்லவன் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகறார். அதுக்கப்புறம்? ஆஸ்பத்திரி மதில் ஓரத்துல கடை போட்டிருக்காங்களே, அவ்வளவு பேருக்கும் நோட்டீஸ் தயாராயிட்டு இருக்கு. உனக்கே தெரியும். உனக்கப்புறம் வர்றவன் உன்னை மாதிரி இருப்பான்னு எழுதிக் கொடு, நான் இப்பவே எழுந்து போயிடறேன்.

— அது எப்படி எழுதிக் கொடுக்க முடியும்?

— அதைத்தான் நானும் கேட்கறேன். நீ இருந்தா நியாயம், நீ இல்லேன்னா இல்ல. அதுக்குப் பேரு சட்டமா, அதிர்ஷ்டமா?

— நல்லாத்தான் பேசறே. விசாரணையில இப்படிப் பேசினா பரவாயில்ல, அங்க வந்தா முணுமுணுங்கறே.

— அங்க நீ முறைக்கறே.

— சரி, நான் ஒண்ணு கேட்கறேன். அந்த மனுஷன்கிட்ட கேட்டியா?

— யார்கிட்ட?

— சாவிக்காரர்கிட்ட. ‘உங்களைத் துரத்தச் சொல்லிக் கேட்கப் போறேன்’னு சொன்னியா?

— சொன்னேன்.

— என்ன சொன்னார்?

— அரத்தைத் துடைச்சுக்கிட்டே, ‘எல்லாருக்கும் நல்லதுன்னா சரிம்மா. ஆனா மெஷினை எங்க கொண்டு போய் வெக்கறது?’ன்னு கேட்டார்.

— நீ?

— ஒரே நாள்ல தடை உத்தரவு வாங்கிடுவேன், மெஷினை நகர்த்தவே வேண்டாம்னு சொன்னேன்.

— வாங்க முடியலேன்னா?

— வாங்கிடுவேன்.

— முடியலேன்னா, பாப்பா?

— முடியலேன்னா என் வீட்டு வாசல்ல வெச்சுக்கச் சொல்வேன்.

— உன் தெருவுல யாரு சாவி தொலைக்கறாங்க? கவர்மென்ட் ஆபீஸ்லதான் தொலைப்பாங்க. அவருக்கு அந்த மாடிப்படிதான் சோறு.

— தெரியும்.

— தெரிஞ்சுமா?

— தெரிஞ்சும்தான். என்ன பண்ணச் சொல்றே? யாராவது ஒருத்தர் முன்னாடி நின்னாத்தானே பின்னாடி இருக்கறவங்க பிழைப்பாங்க?

— அந்த யாரோ ஒருத்தரை நீ தேர்ந்தெடுக்கறே பாரு, அதுதான் எனக்குப் பிடிக்கல. வாதம் உன்னோடது, பேரு உன்னோடது. அடி மட்டும் அவரோடது. நான் போட மாட்டேன். என் கையால அந்த மனுஷனை எழுப்ப மாட்டேன். நீ என்ன தலைகீழா நின்னாலும் நாளைக்குக் காலையில கையெழுத்து விழும், அவர் அங்கேயே இருப்பார். அவ்வளவுதான்.

— அப்படிப் போடுங்க. என்னங்க, முதல் தடவையா நீங்க பேசினது எனக்குப் பிடிச்சுது.

— அண்ணி, நீங்களுமா?

— பின்னே? உட்கார்ந்திருக்கற மனுஷனை எழுப்பறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய பேச்சு? சின்னவளே, எழுந்து வா, இந்தத் துணியோட முனையைப் பிடி. கூடத்து ஜன்னலுக்குத் திரை தைக்கக் கொடுக்கப் போறேன். கூரை நல்லா ஆயிடுச்சு, இனிமே துணி நனையாது. பச்சை நல்லாயிருக்கா, இந்தக் காவியா?

— பச்சை. அண்ணி, ஒரு நிமிஷம். அண்ணா, உன்கிட்ட இன்னொரு விஷயம் சொல்லணும். அதைச் சொல்லத்தான் நிஜமா வந்தேன்.

— இன்னும் யாரையாவது துரத்தணுமா?

— விளையாடாதே. நான் போன வாரம்...

— நல்லா இழுத்துப் பிடிடி, தொங்குது. இன்னும் கொஞ்சம் மேல. இங்க ஒரு சுருக்கு, அங்க ஒரு சுருக்கு. ரிட்டையர் ஆகற வரைக்கும் இந்த வீட்டுல மகாராணி மாதிரி இருக்கப் போறேன், பார்த்துக்கிட்டே இரு. என்னங்க, போன் அடிக்குது, எடுங்க.

— லீவு நாள்ல யாரு? ஹலோ... ஓ, சூப்பரின்டெண்டா? சொல்லுங்க... ம்... என்னை மாத்திட்டாங்களா?... நேத்து சாயங்காலமா? யாரும் சொல்லலியே... எந்த மனு?... யாரு கொடுத்தது?... மறுபடியும் சொல்லுங்க... ம்... இல்ல இல்ல, சட்டப்படி சரிதான். அந்த நாற்காலிக்கு இப்ப யாரு?... ஓ. நீங்களேவா. நல்லது. வாழ்த்துகள்... வருத்தமெல்லாம் ஒண்ணுமில்ல... ம், முதல் வேலையா அதையா? நாளைக்கேவா?... சரி. வேற?... எந்த வீடு?... ம்... படிங்க, கேட்கறேன்... ம்... இல்லை, நீங்க மரியாதையாத்தான் கேட்டீங்க. யோசிச்சுச் சொல்றேன். வெச்சுடறேன்.

— என்னங்க? முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? உட்காருங்க. யாருக்கு என்ன?

— யாருக்கும் ஒண்ணுமில்ல. பாப்பா, துறைக்கு ஒரு மனு கொடுத்தியா?

— அண்ணா, அதைத்தான் சொல்ல வந்தேன்.

— ‘விசாரணை அதிகாரி எனக்கு உடன்பிறந்த அண்ணன். ஆகையால் வேறு அதிகாரி விசாரிக்க வேண்டும்.’ நீ எழுதினதுதானே?

— ஆமா. அண்ணன் முன்னாடி தங்கச்சி ஆஜராகக் கூடாது. வக்கீல் தர்மம் அது. நீ ஒத்துக்கவே மாட்டே, உறவு கிடையாதுன்னு வீராப்பு பேசுவே. அதான் நேரா துறைக்குக் கொடுத்தேன்.

— தர்மத்துக்காக மட்டும்தானா?

— இல்ல. பொய் சொல்ல மாட்டேன். நீ மாட்டேன்னா வேற யாராவது காலி பண்ணச் சொல்லி எழுதுவாங்க, எனக்கு உத்தரவு கிடைக்கும்னும் நெனச்சேன். கேஸைப் பக்கத்து ஊர் அதிகாரிக்கு அனுப்புவாங்கன்னுதான் நெனச்சேன் அண்ணா.

— கேஸை அனுப்பல. என்னை அனுப்பிட்டாங்க.

— எங்க?

— ரிக்கார்டு ரூமுக்கு.

— அப்ப உன் இடத்துல?

— சூப்பரின்டெண்ட்.

— அவரா? அந்த நோட்டீஸை எழுதினவரே அவர்தானே! இத்தனை நாளா என் எதிர்ல நின்னு துறைக்காக வாதாடினவர்!

— இனிமே உட்கார்ந்து வாதாடுவார்.

— அண்ணா, இதுதான்! இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்! வாதாடினவனே தீர்ப்பு எழுதலாம்னா அது என்ன சட்டம்? இது ஒண்ணு போதும், நான் கோர்ட்டுல...

— சந்தோஷப்படாதே பாப்பா. நான் இன்னும் முடிக்கல. நாளைக்கு முதல் வேலை சாவிக்காரரைக் காலி பண்றதாம். ரெண்டாவது வேலையைப் பத்தித்தான் கடைசியா பேசினார். ரொம்ப மரியாதையா கேட்டார். வீட்டை எப்ப காலி பண்றீங்கன்னு.

— எந்த வீட்டைங்க?

— இந்த வீட்டை.

— என்ன உளர்றீங்க? ரிட்டையர் ஆகற வரைக்கும் நமக்குத்தானே?

— ஆமா அண்ணா, வேலையில இருக்கற வரைக்கும் வீடு உண்டே?

— வேலைக்குக் கொடுத்த வீடு இல்ல இது. அந்த நாற்காலிக்குக் கொடுத்த வீடு. நாற்காலி யாருக்கோ அவருக்கு. நீ ஊரெல்லாம் காலி பண்ற சட்டம் பேசறியே, உன் அண்ணன் எதை நம்பிக் குடியிருக்கான்னு ஒரு நாளும் கேட்டதில்லையே.

— கேட்கத் தோணல அண்ணா. இது நம்ம வீடுன்னே நெனச்சுட்டேன்.

— அப்ப நேத்து சாயங்காலத்திலேருந்து நாம இங்க யாருங்க?

— அனுமதியில்லாமக் குடியிருக்கறவங்க.

— மனுவை வாபஸ் வாங்கிடறேன். நாளைக்குக் காலையில முதல் ஆளாப் போய் நிக்கறேன். அண்ணி, என்னை அப்படிப் பார்க்காதீங்க. சத்தியமா எனக்குத் தெரியாது.

— அழாதே. அந்தத் துணியைக் கீழே வை, நனையுது. நான் ஒண்ணு கேட்கறேன், பதில் சொல்லு. எங்களுக்குத் தடை உத்தரவு வாங்க முடியுமா? ஒரே நாள்ல?

— முயற்சி பண்றேன் அண்ணி.

— சாவிக்காரர்கிட்ட ‘வாங்கிடுவேன்’னு சொன்னியே. எனக்கு மட்டும் ஏன் ‘முயற்சி பண்றேன்’ங்கறே?

— விடு. அவளே நொந்து போயிருக்கா. பாப்பா, மனுவை வாபஸ் வாங்காதே. வாங்கினாலும் அவங்க என்னைத் திரும்ப உட்கார வெக்க மாட்டாங்க. துறைக்கு எதிரா எழுதப் போறான்னு மோப்பம் பிடிச்சிருக்காங்க, உன் மனு அவங்களுக்கு ஒரு சாக்கு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சத்தமில்லாம எடுத்துட்டுப் போயிடற நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டு, நான் நல்லவன், நான் இருக்கறப்ப என்ன பயம்னு மார் தட்டிக்கிட்டு இருந்திருக்கேன். வெக்கமா இருக்கு.

— நீ நல்லவன்தான் அண்ணா.

— நல்லவனா இருந்து என்ன? நாளைக்கு அந்த மனுஷன் மெஷினைத் தூக்கிக்கிட்டு நிக்கப் போறார். என்னால ஒரு கமா கூடப் போட முடியாது. நீ சொன்னதுதான் சரி, சட்டமே தப்பு. உனக்கு அடி வாங்கின ஆளுதானே வேணும்? நான் சாவிக்காரர் பக்கத்துல வந்து நிக்கறேன். மனுவை எழுது. என் கன்னத்தையும் சேர்த்துக் கணக்குல வை. இனிமே கோர்ட்டுல என்னை அண்ணான்னு கூப்பிடாதே, இன்னொரு தடவை அதுக்கு யாராவது மனு போட்டுடப் போறாங்க. நான் உன் கட்சிக்காரர்.

— தள்ளி உட்காருங்க. அவங்க உங்ககிட்டேருந்து எடுத்தது நாற்காலியை. வீட்டை எடுத்தது என்கிட்டேருந்து, என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. சின்னவளே, கண்ணைத் துடைச்சுக்கிட்டு முதல்ல என் பேரை எழுது.